துரைசாணியின் ராடு முறிந்த காரணம்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
15.7.2024

அன்புள்ள தென்னரசு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரி சிந்துவின் பல்வலி போனதா? இதைப் போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் இஞ்சின் பேச்சு வந்தால் மூன்றாவது நிமிடத்தில் அக்காவும் தம்பியும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தானே துரைசாணியைப் பற்றி எதுவானாலும் கடிதத்தில் மட்டும் என்று சட்டம் போட்டோம்? சட்டப்படி எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

துரைசாணி உடைந்துவிட்டாள்டா.

சனிக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பயிற்சி. நாலாவது சுற்று, நேர்பாதை, டாப் கியர். அறுபத்தெட்டு வயதுக் கிழவி அப்படி இழுத்து நான் பார்த்ததே இல்லை. ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்! திடீரென்று "டக்". ஒரே ஒரு சத்தம். பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், புல்லில் சறுக்கிக்கொண்டே போனோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

முதலில் ஓடி வந்தது வண்டியின் சொந்தக்காரர் வைத்தீஸ்வரன் சார்தான். எழுபத்து நாலு வயதில் அந்த ஓட்டம்! "வண்டி கெடக்கட்டும்மா, நீ எழுந்து நில்லு" என்றார். வேன் ஓட்டி வந்த கிளெமென்ட் இஞ்சினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். "யக்கா, ராடு ரெண்டா பூட்சி" என்றான். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு, நீ செய்துகொடுத்த ராடு, நடுவில் முறிந்து, கிராங்க் இருக்கும் இரும்புக் கூட்டில் இரண்டு விரல் போகிற ஓட்டை.

ஜனவரி 19 அன்று உன் ஊரில், செட்டிபாளையத்தில், பழைய மோட்டார் சைக்கிள்கள் பந்தயம். அதில் நான் ஓட்டியே ஆகவேண்டும். ஆனால் ஏன் முறிந்தது என்று தெரியாமல் புது ராடு போடமாட்டேன். காரணம் தெரியாத வண்டியில் ஏறவும் மாட்டேன். அழுகை வருகிறது, ஆனால் உண்மையைச் சொன்னால் கை பரபரக்கிறது. பத்தொன்பது வருடமாகப் பீன்யா ஃபேக்டரியில் ஊரார் உடைத்ததற்கெல்லாம் காரணம் எழுதுகிறேன். முதல் தடவையாக என்னுடையது!

வெயிலில் அலையாதே. சிந்துவுக்கு என் அன்பு.

அக்கா
இளவேனில்


பீளமேடு, கோவை
22.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். சிந்துவின் பல்லைப் பிடுங்கியாயிற்று. உனக்கு நிஜமாகவே சிராய்ப்பு மட்டும்தானா? டாக்டரிடம் காட்டினாயா?

கடிதத்தைப் படித்துவிட்டு லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த ராடில் குறை இருக்க வாய்ப்பில்லை. மூன்று வாரம் நான் ஒருவனே உட்கார்ந்து, நீளவாக்கில் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகு போட்டது. எண்ணெய் போகாமல் பேரிங் இறுகியிருக்கும் என்று நினைக்கிறேன். எண்ணெய் பம்ப்பை முதலில் பார். வேறெதையும் நோண்டாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
தென்னரசு


ஸ்ரீராம்புரம்
2.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், போதுமா? நீதான் டாக்டர் மாதிரி விசாரிக்கிறாய்.

இஞ்சினைப் பிரித்தாயிற்று! இந்த வீட்டு முன்னறையில் டிவி இருந்த இடத்தில் இப்போது சிலிண்டர் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்தது கிளெமென்ட். நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தது நான். எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு "மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் எண்ணெய்க் கதை செல்லாது ஐயா. பம்ப் சரியாக இருக்கிறது, குழாயில் அடைப்பு இல்லை. எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் பேரிங் உருளைகள் சூடேறி நீலம் பாரித்திருக்கும். இவை புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னுகின்றன! பிஸ்டனும் இறுகவில்லை; பக்கவாட்டில் உரசிய தடமே கிடையாது. ஆக, வேறு ஏதோ கெட்டு ராடை முறிக்கவில்லை. ராடு தானாகத்தான் முதலில் முறிந்திருக்கிறது. மீதியெல்லாம் அதற்குப் பிறகு நடந்த கலவரம்.

முறிந்த முகத்தை இன்னும் பார்க்கவில்லை. இரண்டு துண்டையும் எண்ணெய் தடவித் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். நம்புவாயோ மாட்டாயோ, கல்யாணத்துக்கு முந்தின நாள் மாதிரி இருக்கிறது எனக்கு.

சிந்துவை நான் கேட்டதாகச் சொல்.

அக்கா


பீளமேடு
9.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தேன். கியர் மாற்றும்போது தவறியிருக்கலாம். சுழற்சி மீட்டரில் ஆறாயிரத்தில் நான் போட்ட சிவப்புக் கோட்டை இஞ்சின் ஒரு நொடி தாண்டியிருந்தாலும் போதும், ராடு இழுபட்டு முறிந்துவிடும். நீ பாடிக்கொண்டு ஓட்டியதாக நீயே எழுதியிருக்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. யாருக்கும் நடக்கும்.

துண்டுகளை எனக்கு அனுப்பிவிடு. நானே பார்க்கிறேன். புது ராடும் செய்து தருகிறேன். நீ இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பந்தயத்தையும் இந்த ஒரு வருடம் விட்டால்தான் என்ன?

தம்பி


ஸ்ரீராம்புரம்
25.8.2024

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் அன்புள்ள தம்பிக்கு,

நானா கியர் தவறவிட்டேன்? நானா?! பாடினால் கியர் தவறுமா? அப்படியானால் நீ லேத்தில் நின்று ரேடியோ கேட்கிறாயே, உன் பத்து விரலும் இன்னும் எப்படி இருக்கிறது? சரி, கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கு மூச்சு முட்டுகிற அளவுக்குச் சேதி இருக்கிறது.

முதலில், இஞ்சின் கோட்டைத் தாண்டிச் சுழன்றிருந்தால் வால்வு பிஸ்டன் தலையில் இடித்திருக்கும். கடைசி நொடியில் பட்ட ஓர் அடி இருக்கிறது. அதற்கு முந்தைய தழும்பு ஒன்றுகூட இல்லை. ஆக நான் நிரபராதி.

அடுத்தது ராடு. ஃபேக்டரியில் சாப்பாட்டு வேளையில் லென்ஸுக்கு அடியில் வைத்தேன். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு வழுவழுப்பு. அதில் வளைவு வளைவாகக் கோடுகள், அல்சூர் ஏரியில் கோடைக்குத் தண்ணீர் இறங்க இறங்கக் கரையில் விழுமே, அதே மாதிரி! மீதிக் கால் பங்கு உடைத்த வெல்லம் போலச் சொரசொரப்பு. இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அடியில் முறியவில்லை. மயிரிழை விரிசல் ஒன்று விழுந்து, போன சீசன் முழுக்க, ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. கடைசியில் மிச்சமிருந்த கால் பங்கு தாங்காமல் விட்டுவிட்டது. விரிசலை வயிற்றில் வைத்துக்கொண்டுதானடா நான் ஒவ்வொரு சுற்றும் போயிருக்கிறேன்!

அந்த வளைவுக் கோடுகள் எல்லாமே ஒரு புள்ளியைச் சுற்றி வளைகின்றன. விரிசல் பிறந்த இடம். அங்கே மேல்பரப்பில் சிவப்பு மை தடவித் துடைத்தேன். துடைத்த பிறகும் இரண்டு துண்டிலும் ஆளுக்குப் பாதியாக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு நின்றது. கீறல்! யாரோ கருவியால் போட்ட கீறல்! துண்டுகளை ஒட்ட வைத்தால் முகம் கெட்டுவிடும். அதனால் இரண்டையும் படமெடுத்துப் பெரிதாக்கி, கத்தரியால் வெட்டி, மேசையில் சேர்த்து வைத்தேன். பக்கத்து மேசை கன்னடக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனு மேடம், ஹாவின மரியா?" என்றார். பாம்புக் குட்டியாம்!

பாம்பு இல்லை தென்னரசு. பிள்ளையார் சுழி! அழகான, சின்ன, கடுகளவு "உ"! பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி எலக்ட்ரிக் பேனாவால் போட்டிருக்கிறார்கள். அதன் அடிவளைவில்தான் விரிசல் பிறந்திருக்கிறது.

பரீட்சைத் தாளில்கூட "உ" போடாமல் நம்மை வளர்த்தார் அப்பா. பள்ளியில் மற்றவர்கள் நோட்டில் போட்ட சுழியை நீ ரப்பர் வைத்து அழித்து அடி வாங்கினாய். அப்படிப்பட்ட உன் ராடில் பிள்ளையார் சுழி! யார் போட்டது? நீ ராடை மெருகு போட்டு இங்கே அனுப்பினாய். வைத்தீஸ்வரன் சார் நாலு நாள் பூஜை அறையில் வைத்திருந்துவிட்டு உனக்குத் திருப்பி அனுப்பினார். அவர் வீட்டு ஸ்பேனர் ஒவ்வொன்றிலும் "உ", அதற்குக் கீழே "வை" என்று வெட்டியிருக்கிறார். பேனாவும் அவரிடமே இருக்கிறது. வேறு யார்?

கண்டுபிடித்துவிட்டேன்டா! உடனே எழுது!

அக்கா


ஸ்ரீராம்புரம்
21.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சிந்துவிடம் கேட்டால் "வேலைல இருக்காரு அக்கா" என்கிறாள். அப்படி என்ன வேலை?

பொறுத்துப் பார்த்தேன். உன் பதில் வராது என்று தெரிந்ததும் நானே மல்லேஸ்வரத்தில் சார் வீட்டுக்குப் போனேன். சதுர்த்திப் பிள்ளையாரைக் கரைத்த மறுநாள். மங்களம் மாமி காபி கொடுத்தார். நான் ஒட்டிய படத்தை மேசையில் வைத்தேன்.

"இது நீங்க போட்டதுதானே சார்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நானாம்மா போட்டேன்? பூஜையில வச்சேன். குங்குமம் இட்டேன். கீறினதா ஞாபகம் இல்லையே."

"ஞாபகம் இல்லேன்னா போடலேன்னு ஆயிடுமா சார்? ஸ்பேனர்ல போட்டது எல்லாம் ஞாபகம் இருக்கா?"

சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள். ஒரு மாதமாகக் கியர் தவறவிட்டவள் என்ற பேரைச் சுமந்தவள் நான். வாயை அடக்க முடியவில்லை. அவர் தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "கை தானா போட்டிருக்குமோ மங்களம்?" என்று மாமியைக் கேட்டார். பிறகு என்னிடம், "என் கையால உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்னம்மா பண்ணுவேன்? வண்டியக் கொண்டு வந்து விட்டுடு. வித்துடறேன்" என்றார்.

நேற்று கிளெமென்ட் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டான். ஜனவரி பந்தயம் போனது. நான்தான் காரணத்தைக் கண்டுபிடித்தேன், நான்தான் வண்டியை இழந்தேன். எனக்கு அழுகையாக வருகிறது, நீ ஏன்டா பேசமாட்டேன் என்கிறாய்?

அக்கா


பீளமேடு
30.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். மழை நன்றாகப் பெய்கிறது. சிந்து உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. புது ராடுக்கு நல்ல இரும்பு வாங்கி வைத்திருக்கிறேன். வண்டி விற்பனையை அவசரப்பட வேண்டாம் என்று சாரிடம் சொல். அந்தச் சுழி விஷயத்தை விட்டுவிடு. யார் போட்டால் என்ன? முறிந்தது முறிந்ததுதான். பெரியவரை இனிமேல் ஒன்றும் கேட்காதே.

தம்பி


ஸ்ரீராம்புரம்
20.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் மங்களம் மாமியைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், மாமி விடவில்லை. "உன்மேல கோபம் இல்லம்மா. ஆனா அவர் பழைய மனுஷரா இல்ல" என்றார். தனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டாராம். காலையில் எழுந்ததும் பேரன் பேத்தி பேரையெல்லாம் எழுதிப் பார்க்கிறாராம். ஒரு நோட்டு போட்டு, கேஸ் மூடினேன், கதவு பூட்டினேன், மாத்திரை போட்டேன் என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கிறாராம். கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மூளை டாக்டரிடம் போயிருக்கிறார்கள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. "ராடுல நான் போட்டது எனக்கே தெரியலையே, இன்னும் என்னென்ன பண்ணிட்டு மறந்திருக்கேனோன்னு கேட்டுண்டே இருக்கார்மா" என்று சொல்லிவிட்டு மாமி கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

பாவம், நோயில் போட்டதை நான் குற்றமாக்கிவிட்டேன். அவரிடம் எந்த முகத்தோடு போவேன்? புனேயிலிருந்து ஒருவர் நவம்பர் பதினைந்தாம் தேதி வண்டி பார்க்க வருகிறாராம்.

நீயாவது ஆறுதலாக நாலு வரி எழுது.

அக்கா


பீளமேடு
5.11.2024

அக்கா,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுழியைப் போட்டது நான்.

சார் ராடைத் திருப்பி அனுப்பினாரே, அதில் குங்குமம் இருந்தது. நான் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே பெட்ரோலில் கழுவித் துடைத்தேன். அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது, நூறு மைல் வேகத்தைத் தொடப்போகிறேன் என்று நாலு ஆச்சரியக்குறி போட்டு. அதைப் படித்ததும், உன்னைக் காக்க வைத்திருந்த பொட்டை நானே துடைத்துவிட்டேனே என்று தோன்றிவிட்டது. அப்பா பிள்ளைக்கு இப்படித் தோன்றலாமா? தோன்றியது. நம்பர் போடுகிற எலக்ட்ரிக் பேனா மேசையிலேயே இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று கடுகளவு "உ" போட்டு, இஞ்சினை மூடிவிட்டேன். சின்னக் கீறலில்தான் விரிசல் பிறக்கும் என்று தெரிந்து மூன்று வாரம் கீறல்களைத் தேய்த்து எடுத்தவன் நான். அந்த ஒரு நிமிடம் எனக்கு இஞ்சினைப் பற்றி எதுவுமே தெரியவில்லை அக்கா. நீ மட்டும்தான் தெரிந்தாய்.

உன் இரண்டாவது கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கியர்மேல் பழி போட்டேன். நீ பயந்து ஓட்டுவதை விட்டுவிட்டால் நல்லதுதானே என்றும் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. பிறகு "உ"வைக் கண்டுபிடித்தாய். முட்டாள்தனம் செய்தேன் என்று சொல்லியிருப்பேன். பயந்துபோய் சாமியிடம் ஓடினேன் என்று உன்னிடம் சொல்ல வெட்கம்.

போன கடிதம் வந்த பிறகு தாங்க முடியவில்லை. தீபாவளிக்கு மறுநாள் ரயிலேறி நேராக மல்லேஸ்வரம் போனேன். உன் வீட்டுக்கு வரத் தைரியம் இல்லை.

"சார், ராடுல அந்தச் சுழியப் போட்டது நான்தான்" என்றேன்.

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனாவைக் கீழே வைத்தார். "திரும்பச் சொல்லு."

"நான்தான் சார் போட்டேன். நீங்க போடல."

அடிப்பார் என்று நினைத்தேன். துள்ளி எழுந்துவிட்டார் அக்கா! "மங்களம்! மங்களம்! இங்க ஓடி வாடீ! நான் போடலையாம்! இவன் போட்டானாம்! எனக்கு ஒண்ணும் இல்லடீ!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். அந்த நோட்டை நாலாகக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டார். "லட்டு கொண்டா, லட்டு கொண்டா" என்று கத்துகிறார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

மாமிதான் விடவில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "ரெண்டு மாசம் வாயை மூடிண்டு இருந்தியேப்பா. ராத்திரி பகலா இந்த மனுஷர் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எடுத்த லட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். உனக்குத் தோள் எலும்பு முறிந்து, ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாயாமே. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க அவர்தான் கூட இருந்தாராம். சிராய்ப்பு என்றாயே அக்கா. என் கீறல் உன் எலும்பை உடைத்திருக்கிறது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். பதில் மட்டும் எழுது.

தென்னரசு


ஸ்ரீராம்புரம்
9.11.2024

அடப்பாவி!

அடப்பாவி, அடப்பாவி, அடப்பாவி! உன் கடிதத்தைப் பீன்யா பஸ்ஸில் பிரித்துப் படித்து, ஜாலஹள்ளி வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். கண்டக்டர் எட்டி நின்றே டிக்கெட் கொடுத்தார். எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அறைந்துவிட்டு என்ன செய்திருப்பேன் என்று எழுதமாட்டேன், நீ தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவாய்.

நீ சுழி போட்டதற்கு எனக்குக் கோபமே இல்லை. பயந்தால் மனுஷன் எதையும் செய்வான். அந்தப் பெரியவர் தன் கையைப் புரட்டிப் பார்த்ததை நான் எழுதினேன். படித்துவிட்டு மழை பெய்கிறது என்று பதில் போட்டாய் பார், அதற்குத்தான். அதை நான் சீக்கிரம் மறக்கமாட்டேன்.

தோள் எலும்பு? ஆமாம், பொய் சொன்னேன். உண்மையை எழுதியிருந்தால் நீ எனக்கு இஞ்சின் கட்டுவதையே நிறுத்தியிருப்பாய். இப்போது கை தலைக்கு மேல் போகிறது. இனி நீ மறைத்தாய், நான் மறைத்தேன் என்று பேச்சு வேண்டாம்.

நேற்று சாரிடம் போனேன். காலில் விழத் தெரியாத வளர்ப்பு நம்முடையது; அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர், "நீ கத்தினதுல எனக்கு லாபம்தாம்மா. மூளையப் படம் எடுத்து, ஒண்ணும் கொறை இல்லேன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டார். இனிமே மங்களம் என்ன சொன்னாலும் அந்த ரிப்போர்ட்டத்தான் காட்டுவேன்" என்றார். புனேக்காரரை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. துரைசாணி நமக்குத்தான்!

ஆனால் அவருக்கு ஒரு நிபந்தனை, எனக்கு ஒன்று. புது ராடை நீ மல்லேஸ்வரத்தில் அவர் ஷெட்டில், அவர் கண் முன்னால் மாட்டவேண்டும். இது அவருடையது. பந்தயத்தன்று டிராக்கில் நீ நிற்கவேண்டும். இது என்னுடையது. உன் வீட்டிலிருந்து செட்டிபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். நாலு வருடமாக நான் பெங்களூரிலிருந்து வந்து ஓட்டுகிறேன், நீ ஒரு நாள்கூட வரவில்லை. வா. பயமாக இருந்தால் பயந்துகொண்டே வா.

என் பங்குக்கு உன் சிவப்புக் கோட்டைத் தாண்டமாட்டேன். ஆறாயிரம் என்றால் ஆறாயிரம்தான். சத்தியம்.

சிந்துவை இப்போதே லீவு போடச் சொல்.

அக்கா


பீளமேடு
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? தோள் வலிக்கிறதா? சார் தொண்டை சரியானதா? அவர் கத்திய கத்துக்கு ஒரு வாரம் வெந்நீர்தான் குடிக்கவேண்டும் என்று மாமி சொன்னார்.

பந்தயம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் நான் சொல்ல நினைத்தது எதையும் சொல்லவில்லை. சட்டப்படி எழுதுகிறேன்.

கொடி விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். சார் என் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கி, "பாருடா, பாருடா, உங்கக்கா மூணாவது!" என்றார். திறந்தேன். அந்த இடது வளைவில் நீ சாய்ந்தாய். விழப்போகிறாய் என்று நினைத்தேன். நீ விழவில்லை, அந்தச் சாய்விலேயே பச்சை வண்டியைத் தாண்டினாய்! ஐயோ அக்கா! அதற்குப் பிறகு ஒரு சுற்றுக்கூடக் கண்ணை மூடவில்லை. எட்டாவது சுற்றில் நீயும் அந்தக் கறுப்பு வண்டியும் ஒட்டிக்கொண்டு நேர்பாதைக்கு வந்தபோது யாரோ "ஏத்துக்கா! இன்னும் ஏத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். சிந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் கத்துவது நான் என்று தெரிந்தது.

அரைச் சக்கர நீளத்தில் தோற்றாய். எல்லோரும் இரண்டாம் இடத்தைக் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் தெரியும். கறுப்பு வண்டியின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. உன் இஞ்சின் சத்தம் ஓர் இடத்தில் அப்படியே நின்றது. ஆறாயிரத்தில். கடைசி நேர்பாதையில், ஜெயிக்கிற தூரத்தில், என் கோட்டுக்குக் கட்டுப்பட்டு நின்றாய்.

நீ இங்கே விட்டுப்போன இஞ்சினை நேற்று பிரித்தேன். ராடை மேலிருந்து கீழ் வரை சிவப்பு மை தடவிப் பார்த்தேன், இரண்டு தடவை. ஒரு கீறல் இல்லை, ஒரு விரிசல் இல்லை. பேரிங், பிஸ்டன், வால்வு, எல்லாம் சுத்தம். ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது.

ஒரே ஒரு பொய் மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறாயிரம் இஞ்சினின் எல்லை இல்லை. முதல் நாளிலிருந்தே என் கணக்கில் ஆறாயிரத்து ஐநூறு வந்தது. உன்னை நினைத்து ஐநூறைக் குறைத்துக் கோடு போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

மீட்டரை இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் வைத்திருக்கிறேன். பழைய கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆறாயிரத்து ஐநூறில் புதிதாகப் போட்டிருக்கிறேன். அதுவரைக்கும் போ அக்கா. ராடு தாங்கும். நானும் தாங்கிக்கொள்கிறேன்.

உன் தம்பி
தென்னரசு